இரண்டாம் முறை எரிய மறுத்த மெழுகுவர்த்தி

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, ஆலங்காயத்தில் கேளுங்கள், கலசப்பாக்கத்தில் கேளுங்கள், மலை மேல் எந்த ஊரிலாவது போய்க் கேளுங்கள். மெழுகுவர்த்தி என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஊர் சொல்கிறது, நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். நாலாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம். இரண்டு பேருக்குமே அதில் வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு அச்சு கழுவுகிறவனாக ஆரம்பித்து, திரி கோர்த்து, மெழுகு காய்ச்சி, கடைசியில் நீங்கள் நிற்கிற இந்தப் பட்டறையை என் கையால் எழுப்பினேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் இன்றைக்கும் வாசலில் நின்றபடியே, உள்ளே எரிகிற மெழுகுவர்த்தி நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியும்.

காய்ச்சுவது, ஊற்றுவது, ஆறவைப்பது எல்லாவற்றையும் மேஸ்திரி சொல்லித்தருவார். அதை எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். எல்லாம் சரியாகச் செய்தும் வேலை கெட்டுப்போகிற ஒரு நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு மண்டையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. புதிதாக வருகிற எல்லோரிடமும் நான் கேட்பேன், மெழுகுவர்த்தியில் எரிவது எது என்று. திரி என்பான் ஒருவன். மெழுகு என்பான் இன்னொருவன். இரண்டும் இல்லை. ஒரு மெழுகுக் கட்டியை எடுத்து அதன் மேல் தீக்குச்சியை வைத்துப் பாருங்கள், உருகுமே தவிர எரியாது. சூட்டில் மெழுகு உருகிக் குளமாகிறது. அந்தக் குளத்திலிருந்து திரி வழியாக, துணியில் தண்ணீர் ஊறி ஏறுகிற மாதிரி, மேலே ஏறுகிறது. ஏறின இடத்தில் இன்னும் சூடாகி ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, மேலே எழுகிற வெள்ளைப் புகைக்கு ஒரு தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடவே வேண்டாம். நெருப்பு புகை வழியாகக் குதித்து இறங்கித் திரியில் உட்காரும். இந்த வித்தையைக் காட்டி நான் எத்தனையோ பேரை வாய்பிளக்க வைத்திருக்கிறேன். ஆகவே திரி என்பது வெறும் ஏணி. ஏணியில் தடங்கல் வந்தால் மேலே இருக்கிறவன் பட்டினி. இது புரிந்தால் பாதி தொழில் புரிந்த மாதிரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பட்டறையில் மெழுகுவர்த்திகளை அலங்கரித்துக் கட்டுகிற பிரிவைப் பார்த்துக்கொள்கிற மேரியை உங்களுக்குத் தெரியும். ஆலங்காயத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறி வருகிறவள். அவள் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கணியம்பாடிப் பக்கம். அவர்கள் வழக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கோயிலில் ஒரு பெரிய மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும். பூசை முடிகிற வரை அது எரிய வேண்டும். கிறிஸ்தவக் கல்யாணங்களில் நடப்பதுதான், இதில் என்ன பயம் என்று நானும் நினைத்தேன். மேரி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அண்ணன் கல்யாணத்தில் அந்த மெழுகுவர்த்தி பாதியில் அணைந்துவிட்டதாம். அன்றிலிருந்து மூத்த மருமகள் ரோஸிக்கு நிம்மதி இல்லை. பால் பொங்கி வழிந்தாலும், மோட்டார் ரிப்பேரானாலும், கோழி முட்டையிடவில்லை என்றாலும், மாமியார் வாயில் அதே பேச்சுதான்.

"மெழுகுவத்தி அணைஞ்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்!"

"எம்பொண்ணுக்கும் அப்டி ஆயிடுச்சின்னா, ஆயுசுக்கும் கேட்டுக்கினே இருக்கணும்ணா" என்றாள் மேரி.

"யார் பட்டறை இது? என் பட்டறையில செஞ்சது அணையுமா?" என்றேன். அப்படிச் சொன்னால் அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது. எனக்குப் பின்வாங்கிப் பழக்கமும் இல்லை.

காய்ச்சும் பிரிவில் இருக்கிற பச்சையம்மா மலைக்காரி. சாமை விதைக்கிற குடும்பம். மேரியும் அவளும் ஒரே டப்பாவில் சோறு தின்கிறவர்கள். "மேரி பொண்ணுன்னா எம்பொண்ணு. கடை மெழுகெல்லாம் வாணாம். எந்தம்பி தேன் எடுக்கப் போறான், தேனட மெழுகு கேட்டு எடுத்தாரேன்" என்றாள். சொன்ன மாதிரியே மஞ்சள் மஞ்சளாக, வாசனை தூக்குகிற தேன்மெழுகைக் கூடையில் சுமந்து வந்தாள். மெழுகு பச்சையம்மாவுடையது, கட்டி அலங்கரிப்பது மேரியுடையது, மூளை என்னுடையது. முழங்கை உயரத்துக்கு, மணிக்கட்டுப் பருமனில் ஒரு மெழுகுவர்த்தி வார்த்தோம். அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

ஏற்றிப் பார்த்தோம். சுடர் அசையாமல் நின்றது. புகை இல்லை, வழிசல் இல்லை. நான் கையைத் தட்டிவிட்டு, "அவ்வளவுதான், அணைச்சி எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் சம்மந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, வந்துவிட்டாள். அருவி பார்க்க வந்தவர்கள், போகிற வழியில் மெழுகுவர்த்தியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியை நிறுத்தினார்களாம். கனத்த உடம்பு, கையில் எப்போதும் ஒரு விசிறி. விசிறி இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகை.

"இன்னா சம்மந்தி, கடையில பேரு எழுதி, ரிப்பன் கட்டி, ஜோரா விக்கிறான். நீ இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம் பட்டுக்கினு கீற?"

"இல்லீங்க, மலைத்தேன் மெழுகுங்க. எரியும்போது வாசனையா இருக்கும்."

"வாசனை கெடக்கட்டும். அணையாம எரியுமா? அத சொல்லு."

"எரியுதான்னு நீங்களே பாருங்கம்மா" என்று நானே தீக்குச்சியைக் கிழித்தேன்.

பிடித்தது. கொஞ்ச நேரம் மரியாதையாகத்தான் இருந்தது. அப்புறம் பட்டென்று ஒரு சத்தம். கடுகு வெடிக்கிற மாதிரி. சுடர் ஒரு பக்கமாகப் பருத்துக் கரும்புகை விட்டது. மறுபடி பட், பட். பிறகு சுருங்கிச் சுருங்கி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது.

சம்மந்தியம்மா விசிறியை மட்டும் நிறுத்தினாள். அதுவே போதும். வண்டி கிளம்பின பிறகு மேரி தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மெழுகில் தேன் கலந்திருக்கிறது, அதுதான் வெடிக்கிறது என்றான் மேஸ்திரி. மலைக்காற்று என்றான் டிரைவர். அந்தம்மா கண்ணுதான் என்றாள் பச்சையம்மா. கண் பட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் சரிசெய்தேன். மெழுகை மறுபடி உருக்கி, வெந்நீரில் கழுவி, ஆறவிட்டு, துணியில் வடிகட்டினேன். துணியில் கருகின துணுக்குகள் கொஞ்சம் நின்றன. தேன்மெழுகில் அதெல்லாம் சகஜம், தேனீயின் கால் இருக்கும், சருகு இருக்கும் என்று உதறிப் போட்டேன். புதுத் திரி. ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டினேன். இரண்டாவது மெழுகுவர்த்தி வந்தது.

ஏற்றினோம். ராஜா மாதிரி எரிந்தது. பச்சையம்மா குலவை போடாத குறை. மேரி கூடச் சிரித்தாள். "பார்த்தியா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் காலையில், எதற்கும் இன்னொரு தடவை என்று ஏற்றினால், பட். பட், பட். அதே பருத்த சுடர், அதே புகை.

கல்யாணத்துக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான். இன்னொரு மெழுகுவர்த்தி வார்க்கலாம் என்றால், அந்தப் பருமனுக்கு உள்ளே வரை இறுகி நிற்க நேரம் இல்லை. மேரி எழுந்து வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

"உடுங்கண்ணா. நான் கடையிலயே வாங்கிக்கிறேன். உங்க மேல ஒரு குறையும் இல்ல."

உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை! என்னை இதைவிட மோசமாக யாரும் திட்டினது கிடையாது.

அந்த இடத்தில்தான் நான் செய்ததைக் கவனியுங்கள். இன்னொரு தடவை மெழுகை உருக்கவில்லை. திரியை மாற்றவில்லை. மேஸ்திரி அடுப்பை மூட்டப் போனான், வேண்டாம் என்றேன். கை பரபரக்கிறபோது எதையாவது செய்துவிட்டால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் எது கெட்டது என்பது அதற்கப்புறம் தெரியவே தெரியாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மெழுகுவர்த்திக்கு எதிரே உட்கார்ந்தேன். அது வெடித்துக்கொண்டும் புகைந்துகொண்டும் இருந்தது. இரண்டு மெழுகுவர்த்தி. இரண்டும் முதல் தடவை நன்றாக எரிந்தன. இரண்டும் இரண்டாம் தடவை கெட்டன. மெழுகில் குற்றம் என்றால் முதல் தடவையே கெட வேண்டும். திரியில் குற்றம் என்றாலும் அப்படித்தான். அப்படியானால் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லையே, அலமாரியில்தானே இருந்தது?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது பாருங்கள், அதற்காகத்தான் ஊர் என் பெயரைச் சொல்கிறது. ஆனால் பதில் மட்டும் உடனே வரவில்லை.

சரி, அணையும்போது எப்படிப் புகைகிறது என்று பார்ப்போம், ஏதாவது துப்பு கிடைக்கும் என்று குனிந்து, வாயைக் குவித்து, ஊதப் போனேன்.

பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஸ்டூலோடு சாய்ந்தேன்.

"இன்னாண்ணா பண்றீங்க! வாயாலயா ஊதுவாங்க?" பச்சையம்மாதான். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தது.

"பின்ன எதால ஊதுறது? மூக்காலயா?"

"எதாலயும் ஊதக்கூடாது. தீபம்னா லட்சுமி. எச்சக் காத்து படலாமா? அதுவும் கண்ணாலத்துக்கு வெச்சிருக்கறது!"

சொல்லிக்கொண்டே கொண்டையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்தாள். காலையில் தண்ணீர் தெளித்து வைத்த பூ, இன்னும் ஈரம் சொட்டியது. பதமாகச் சுடரின் தலையில் வைத்து அழுத்தினாள். சுர்ர்ர் என்று ஒரு சத்தம். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் ஸ்டூலில் நேராக உட்கார்ந்தேன்.

"பச்சையம்மா, நேத்தும் இப்படித்தான் அணைச்சியா?"

"அணைச்சேன்னு சொல்லாதீங்க. குளிர வெச்சேன்."

"சரி தாயே, குளிர வெச்சியா?"

"ஆமா. இதே மாதிரிதான்."

"அந்தம்மா வந்தாங்களே, அதுக்கு முன்னாடி, முதல் மெழுகுவத்தி?"

"அதுக்கும்தான். அது ரொம்ப நல்லா எரிஞ்சிச்சேன்னு அன்னிக்கு ரெண்டு பூவு வெச்சேன்."

பேனாக்கத்தியை எடுத்தேன். மெழுகுக் குளம் இறுகுவதற்குள் நுனியால் மெல்லக் கிளறினேன். ஒவ்வொன்றாக வந்தன. சாமந்தி இதழ்கள். மஞ்சள் மெழுகில் மஞ்சள் இதழ், இறுகின பிறகு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒன்று திரியோடு ஒட்டிக் கருகி நின்றது. அது இரண்டாவது திரியாக வேலை செய்திருக்கிறது, சுடர் பருத்ததும் புகைந்ததும் அதனால்தான். பூவின் ஈரம் சொட்டாக இறங்கி மெழுகுக்குள் மாட்டிக்கொண்டது, மறுபடி ஏற்றும்போது கொதித்து வெடித்தது அதுதான். மிச்சத் துணுக்கும் மகரந்தமும் திரியின் நூலிடுக்கில் அடைத்துக்கொண்டன. ஏணியில் கட்டையைக் குறுக்கே போட்ட மாதிரி. மெழுகு எங்கே ஏறும்?

இத்தனை வருஷமாக இது ஏன் எனக்குத் தெரியவில்லை என்று கேட்பீர்கள். தினமும் நாம் சோதிக்கிற மெழுகுவர்த்திகளை முழுசாக எரிந்து தீரும் வரை விட்டுவிடுவோம், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதற்காக. நான் புகை வித்தை காட்டுவதைத் தவிர, இந்தப் பட்டறையில் ஒரு மெழுகுவர்த்தியைப் பாதியில் அணைத்து எடுத்து வைக்கிற வேலையே வந்ததில்லை. வந்த முதல் நாளே அது கல்யாண மெழுகுவர்த்தியாகப் போயிற்று.

பச்சையம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப நான்தானா? எங்கையாலயா அந்தப் பொண்ணு கண்ணாலத்த…"

மேரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே டப்பாவில் தின்கிற இரண்டு பேர், இனிமேல் தனித்தனி டப்பாவோ என்று நினைத்தேன். திடீரென்று மேரி சிரித்தாள். அடக்க முடியாத சிரிப்பு.

"எம்பொண்ணு தலைக்கு வெக்கறதுக்கு முந்தியே மெழுகுவத்திக்கு ரெண்டு பூவு வெச்சிட்டியேக்கா!"

அடுத்ததாக எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இன்றைக்கிலிருந்து எல்லோரும் வாயால்தான் ஊத வேண்டும் என்று ஒரு உத்தரவு போட்டுவிடலாம் என்று. போட்டிருப்பேன். நான் முதலாளி. ஆனால் பச்சையம்மாவின் கையைப் பார்த்தேன், இன்னும் அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டிருந்தது. போடுகிற உத்தரவை அவள் என் எதிரில் கேட்பாள், முதுகுக்குப் பின்னால் பூவைத்தான் வைப்பாள். வேலை செய்கிறவர்களின் மனசுக்கு விரோதமாக ஒரு முறையைக் கொண்டுவந்தால், அந்த முறை உங்கள் கண் முன்னால் மட்டும்தான் நடக்கும்.

"உன் வூட்டுல காமாட்சி விளக்கு கீதே, அதுக்கும் பூவா வெக்கற?"

"பூவும் வெப்பேன். பூ இல்லன்னா திரியை எண்ணெயில தள்ளி வுட்டுடுவேன்."

"அது தப்பில்லையே?"

"அது இன்னாத்துக்கு தப்பு? பெரியவங்க அப்டித்தான் செய்வாங்க."

"இதுவும் எண்ணெய்தான். உருகின மெழுகும் ஒரு எண்ணெய்தான்."

ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி மாதிரி செய்தேன். ஒரு சின்ன மெழுகுவர்த்தியை ஏற்றி, குளம் கட்டின பிறகு, கம்பியால் திரியை மெழுகுக்குள் சாய்த்து முக்கி, உடனே நிமிர்த்தினேன். சத்தம் இல்லை. ஒரு இழை புகை கூட இல்லை. திரி புதுசாக மெழுகு பூசிக்கொண்டு, அடுத்த தடவைக்குத் தயாராக நிமிர்ந்து நின்றது. மறுபடி ஏற்றினேன், எடுத்த எடுப்பில் பிடித்தது. பச்சையம்மா கம்பியை என்னிடமிருந்து வாங்கி, தானே ஒரு தடவை செய்து பார்த்தாள். நம் பட்டறையில் ஒவ்வொரு மேசையிலும் இன்றைக்குத் தொங்குகிற வளைந்த கம்பி இதுதான். வாயால் ஊதுவதைவிட நல்ல முறை. எங்கேயாவது யாராவது இதை ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கலாம், எனக்குத் தெரியாது. இந்த மலையில் கண்டுபிடித்தவன் நான்.

பெரிய மெழுகுவர்த்திக்கு வருவோம். சூடாக்கின கத்தியால் திரியை வெட்டாமல், சுற்றியிருந்த மெழுகை மட்டும் விரல் கனத்துக்குச் சீவி எடுத்தேன். அழுக்கான திரி நுனியைக் கத்தரித்தேன். கீழே இருந்து சுத்தமான திரி வந்தது, அதற்கு நல்ல மெழுகைத் தொட்டு வைத்தேன். ரிப்பன் கட்டினாள் மேரி.

"ஒரே ஒரு வாட்டி ஏத்திப் பாத்துடலாம்ணா" என்றாள். மேஸ்திரியும் அதையே சொன்னான். டிரைவர் தீப்பெட்டியையே நீட்டிவிட்டான்.

மாட்டேன் என்றேன். தெரிய வேண்டியதைச் சின்ன மெழுகுவர்த்தி சொல்லிவிட்டது. இனி ஏற்றினால் அது நம் பயத்துக்காக ஏற்றுவது, வேலைக்காக அல்ல. சோதனை செய்து செய்துதான் அதைக் கெடுத்தோம். உங்களுக்கும் இந்த இடம் வரும். எப்போது சோதிப்பது என்று எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்பதைக் கற்றவனைத்தான் நான் தொழில்காரன் என்பேன்.

வெளியே அப்படித்தான் பேசினேன். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணத்தன்று காலை கோயிலுக்கு முதல் ஆளாகப் போனேன். மேலே மின்விசிறிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. மணியடிக்கிறவரைப் பிடித்து, முன்பக்கத்து விசிறிகளை எல்லாம் நிறுத்த வைத்தேன். சம்மந்தியம்மா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, மேலே பார்த்து, பத்திரிகையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் ரோஸி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. ரோஸி பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லாவும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு சின்ன மெழுகுவர்த்தியால் பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். பிடித்தது. சுடர் எழுந்தது. மேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்து, சுடர் இறங்க ஆரம்பித்தது. சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மிளகு அளவுக்கு ஒரு நீலப் பொட்டாக வந்து நின்றது. கோயில் முழுக்க ஒரு மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம். சம்மந்தியம்மாவின் பத்திரிகை நின்றது. மணியடிக்கிறவர் நல்ல மனுஷன், உதவி செய்வதாக நினைத்துத் தீப்பெட்டியோடு விறுவிறுவென்று மேடைக்குப் போனார்.

பிள்ளைகளே, எந்த மெழுகுவர்த்தியும் இப்படித்தான் செய்யும். கவனித்துப் பாருங்கள். முதலில் திரியில் பூசின மெழுகு எரிகிறது. அது தீர்ந்ததும், கீழே கட்டியாக இருக்கிற மெழுகு உருகி ஏறி வர வேண்டும். வந்து சேருகிற வரை சுடருக்குச் சாப்பாடு குறைவு, அதனால் ஒடுங்கும். தேன்மெழுகு உருகக் கூடுதல் சூடு கேட்கும், ஆகவே இன்னும் கொஞ்சம் தாமதம். அது சாகவில்லை. சாப்பாடு வருகிறதா என்று காத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு ஆள் அங்கியை வீசிக்கொண்டு வேகமாகப் பக்கத்தில் போனால், அந்தக் காற்றே அதைக் கொன்றுவிடும். கொல்லாவிட்டாலும், அணைந்ததை மறுபடி ஏற்றினார்கள் என்ற பேச்சு கணியம்பாடி வரை போகும்.

"தொடாதீங்க!"

கத்தினது நான்தான். கோயில் நடுவில், ஃபாதர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது. மணியடிக்கிறவர் கல்லாக நின்றார். ஃபாதர் ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நீலப் பொட்டைப் பார்த்தேன்.

அசைந்தது. ஒரு மஞ்சள் நுனி முளைத்தது. நகத்தளவு, அப்புறம் விரலளவு. திரியைச் சுற்றி மெழுகு பளபளவென்று உருகி வட்டம் கட்டியது. சுடர் எழுந்து, நிமிர்ந்து, அசையாமல் நின்றது. தேன் வாசனை மெல்ல முன்வரிசைக்கு வந்தது.

"தொடரலாமா?" என்று ஃபாதர் என்னைக் கேட்டார்.

"தாராளமா ஃபாதர்" என்றேன். கோயிலே சிரித்தது. பூசை முடிகிற வரை ஒரு பட் இல்லை, ஒரு புகை இல்லை.

முடிந்ததும் மணியடிக்கிறவர் அதை அணைக்கப் போனார். சம்மந்தியம்மா அவரை மறித்தாள். "எவனும் கை வெக்கக் கூடாது. சாப்பாட்டுக்கும் எரிஞ்சிக்கினேதான் வரணும்." ஆகவே நானே இரண்டு கையாலும் பிடித்து, பச்சையம்மா முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு வர, பக்கத்து மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பெண் மாப்பிள்ளை மேசையில் வைத்தேன். மண்டபத்திலும் மின்விசிறி கூடாது என்று உத்தரவு. பிரியாணிச் சூட்டில் எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது. யாரோ ஒரு பையன் ஸ்விட்ச் பக்கம் போனான். "போட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்று சம்மந்தியம்மா இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

நான் மெழுகுவர்த்திக்குப் பக்கத்திலேயே நின்றேன். மேரி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "வந்து துன்னுங்கண்ணா. நீங்க பாத்துக்கினே நின்னா இன்னும் நல்லா எரியப் போவுதா?" சம்மந்தியம்மாவுக்கு எதிரே என்னை உட்கார வைத்தாள். பக்கத்தில் ரோஸி.

ரோஸி குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டினாள். பிறகு மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க கல்யாணத்துக்கு நீங்க எங்கண்ணா போயிருந்தீங்க?" என்றாள்.

நான் சோற்றில் வைத்த கையை எடுத்தேன். தொழில்காரனிடம் கேட்ட கேள்வி, தொழில்காரனாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அன்னிக்கு மெழுகுவத்தி எப்படிம்மா அணைஞ்சிச்சு? வெடிச்சிச்சா, புகைஞ்சிச்சா?"

"இல்லண்ணா. ஆடி ஆடி, டக்குன்னு போயிடுச்சு."

"மேல ஃபேன் ஓடிச்சா?"

"ஓடிச்சு. நேரா அது தலைக்கு மேலயே."

"அப்ப ஃபேன்தான். வேற ஒண்ணும் இல்ல. எரியற ஆவியை காத்து அடிச்சிக்கினு போயிடுச்சு, அவ்ளோதான். அங்க யாரு நின்னிருந்தாலும் அணைஞ்சிருக்கும். ஃபேனை யாரு போடச் சொன்னது?"

ரோஸி தலையைக் குனிந்து தட்டைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

எதிரே சம்மந்தியம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். நெற்றியைத் துடைத்தாள். மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், மேலே நிற்கிற மின்விசிறியைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள். "எனக்கு அன்னிக்கும் இதே மாதிரிதான் வேர்த்துச்சு."

முதலில் வெடித்துச் சிரித்தது பச்சையம்மா. பிறகு மேரி, பிறகு மாப்பிள்ளை, பிறகு மேசை மேசையாக மண்டபம் முழுக்க. கடைசியில் சம்மந்தியம்மாவே சிரித்தாள், அந்தக் கனத்த உடம்பு நாற்காலியோடு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. சிரித்துக்கொண்டே தன் தட்டிலிருந்த பெரிய கறித்துண்டை எடுத்து, மேசையின் குறுக்கே கையை நீட்டி, ரோஸியின் தட்டில் வைத்தாள்.

"துன்னுமே" என்றாள். "ஆறிடப் போவுது."